எம் வண்டியின் தாகம்

இவ்வாண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஒரு கட்டுரை தருமாறு மாணவப் பதிப்பாசிரியர் எம்மை வேண்டியபோது, பழம் புலவர் ஒருவரைப் பற்றி எழுதுவதாகவே வாக்களித்தோம். அவ்வாக்கைக் காக்க இயலாமைக்கு வருந்துகின்றோம். கடந்த கோடையில் ஐந்து வார காலம் எம் உள்ளத்தில் குடியிருந்தது புலவருமல்லர், காவியமுமன்று; எம் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பழைய மோட்டார் வண்டியின் ரேடியேட்டரே குடியிருந்தது. அதனை எழுதித் தீர்த்தாலன்றி வேறெதுவும் எழுத ஓடாதெனத் தோன்றுகிறது. இலக்கணம் கற்பிப்போர்க்கு இயந்திரத்தோடு யாது உறவு என்று நகைக்கும் அன்பர்கள், தம் வண்டி நடுவழியில் நின்ற பின்னர் அவ்வினாவை மீண்டும் கேட்பாராக.

எம் வண்டிக்கு வயது 13. பெட்ரோலில் ஓடும் சிறு வண்டி; கியரைக் கையால் மாற்றும் வகை. எம் அன்னையாருக்கு வயது 71. அவர்தம் சிறுநீரகங்கள் இரண்டும் தம் தொழிலை விட்டு இரண்டாண்டுகளாகின்றன. ஆதலின், வாரந்தோறும் செவ்வாயும் வெள்ளியும் அவரைத் திருநெல்வேலியிலுள்ள மருத்துவமனைக்கு இரத்தச் சுத்திகரிப்பின் பொருட்டு அழைத்துச் செல்வது எம் கடமையாயிற்று. நாங்குநேரிக்கு அருகிலுள்ள எம் ஊரிலிருந்து நகரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நான்கு மணி நேரம் அவ்வியந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருந்து எழுந்து வருபவர்க்கு, பேருந்து நிலையத்தின் நெரிசலில் நிற்கும் ஆற்றல் இராது. வண்டி எமக்கு ஆடம்பரமன்று என்பதை விளக்கவே இவ்வளவும் கூறினோம்.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணியளவில், மருத்துவமனையினின்று திரும்பிக்கொண்டிருந்தோம். மூன்றடைப்பை நெருங்குகையில், வண்டியின் வெப்பங்காட்டும் முள் நடுவிடத்தை விட்டு மேலேறுவதைக் கண்டோம். காணாதது போலவே சிறிது தூரம் ஓட்டினோம் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி எழும்பியது. சாலையோரத் தேநீர்க்கடையின் வேப்ப நிழலில் வண்டியை நிறுத்திப் பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் மூடியின்மேல் துண்டைப் போட்டுத் திருகக் கைநீட்டியபோது, கடைக்காரர் ஓடிவந்து எம் கையைப் பற்றிவிட்டார். "அண்ணாச்சி, முகம் வெந்துபோகும்! அரைமணி நேரம் பொறுங்கள்" என்றார். அவர் பற்றியிராவிடின் இக்கட்டுரையை எழுதும் கண்கள் எமக்கு இருந்திருக்குமோ, அறியோம். அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர், மூடி சற்றே தளர்ந்தவுடன் ஆவியாய்ச் சீறிக் கிளம்பும் தன்மையது.

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். கடைக்காரரின் மனைவியார் அன்னையாருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அன்னையார் உதடுகளை மட்டும் நனைத்துவிட்டு மீதியைத் திருப்பித் தந்தார். நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீர் அவர்க்கு விலக்கு. அன்றைய பங்கில் எஞ்சியிருந்ததை இரவு உணவுக்கென வைத்திருந்தார் போலும். வண்டியோ, மூடி திறந்தபின், ஒன்றரை லிட்டரை ஒரே மூச்சில் குடித்துத் தீர்த்தது. எத்தனை வாரங்களாக அந்நீர் குறைந்து வந்ததென்பது எமக்குத் தெரியாது. பானெட்டைத் திறந்து பார்க்கும் வழக்கமே எமக்கு இருந்ததில்லை.

இவ்விடத்தில், இயந்திரம் நீர் வேண்டுவதேன் என்பதைச் சிறிது சொல்லுவோம். அறிவியல் மாணவர்கள் இப்பத்தியைத் தாண்டிச் செல்லலாம். எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. பெரும் பங்கு புகையோடு போக, மற்றொரு பெரும் பங்கை இயந்திரத்தைச் சூழ்ந்தோடும் நீரே சுமந்து செல்ல வேண்டும். 1886-இல் கார்ல் பென்ஸ் உரிமம் பெற்ற முதல் வண்டியில் அந்நீர் கொதித்து ஆவியாகிப் போய்விடும். வழிநெடுக நீர் வார்த்தலே ஓட்டுவோன் வேலை. 1901-இல் மெர்செடிஸ் வண்டிக்கு வில்ஹெல்ம் மைபாக் அமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தனவாம். காற்று அக்குழாய்களின் ஊடே சென்று நீரைக் குளிர்விக்க, அதே நீர் திரும்பத் திரும்பப் பயன்பட்டது. இன்றைய வண்டியில் இவற்றோடு அழுத்த மூடியும் சேர்ந்துள்ளது. எம் மூடியில் 0.9 என்று பொறித்திருக்கிறது. வளிமண்டல அழுத்தத்திற்கு மேலாக அத்துணை அழுத்தத்தை அது அடக்கி வைக்க, வெறும் நீரும் 100 பாகையில் கொதியாமல் 118 பாகை வரை தாங்கும். ஆகவே ஊசிமுனைத் துளையொன்று போதும், இரு கேடுகள் விளைய: நீரும் குறையும்; அழுத்தமும் போய்க் கொதிநிலையும் தாழும்.

மறுநாள் நகரத்துப் பட்டறை ஒன்றுக்கு வண்டியைக் கொண்டு சென்றோம். அங்கிருந்தவர் கீழே குனிந்து பார்த்தார். தரையில் சொட்டு இல்லை. "வெளியே கசியவில்லையென்றால் உள்ளேதான் குடிக்கிறது, ஹெட் காஸ்கெட் போய்விட்டது" என்று தீர்ப்புக் கூறினார். இயந்திரத்தின் தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் இடையே நீரையும் நெருப்பையும் பிரித்து நிற்கும் தகடே அந்தக் காஸ்கெட். அதனை மாற்றத் தலையைக் கழற்ற வேண்டும்; 38,000 ரூபாய் ஆகும்; பத்து நாள் வண்டி அங்கேயே நிற்க வேண்டும். "இந்த வண்டிக்கு அவ்வளவு செலவு செய்வதைவிட விற்றுவிடலாம், சார்" என்றும் இரங்கிச் சொன்னார். பத்து நாள் என்பது எமக்கு மூன்று பயணம். ஊர் திரும்பியதும், முன்னாளில் லாரி ஓட்டிய அண்டை வீட்டுப் பெரியவர், ரேடியேட்டரில் ஒரு கைப்பிடி மஞ்சள் பொடி போடுமாறு அறிவுரைத்தார். அது வெறுங்கதையன்று, பொடி ஊறித் துளையில் அடைந்து கசிவை நிறுத்துவதுண்டு. ஆயின் துளையை அடைக்கும் பொருள் துளையல்லாத நுண்குழாயையும் அடைக்குமன்றோ? பழைய லாரிகளின் பருத்த பித்தளைக் குழாய்களுக்கு அது பொருந்தியிருக்கலாம். எம் வண்டிக்குத் துணியவில்லை.

அன்றிரவு இவற்றையெல்லாம் அன்னையாரிடம் கூறினோம். அவர் நெடுநேரம் வாளாவிருந்தார். "எய்யா, ஒரு நாளைக்கு எவ்வளவு குறைகிறது என்று அளந்து பார்த்தாயா?" என்று பின்னர் கேட்டார்.

அளக்கவில்லை. எம்மைத் தலைகுனியச் செய்த வினா அது. தாம் பருகும் ஒவ்வொரு தம்ளரையும் எண்ணிச் சுவரில் கரிக்கோடிடுபவர் அவர். மருத்துவமனையில் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நிறை பார்த்து, எத்தனை நீர் உடலிற் சேர்ந்தது, எத்தனை வெளியேறியது என்று கணக்கெடுப்பதை வாரம் இருமுறை காண்பவர். நோயென்றால் முதலில் அளவு என்பது அவர்க்குப் பழகிப்போன செய்தி. யாமோ பட்டறைக்காரரின் ஒரே பார்வையைக் கேட்டு வண்டியை விற்கத் துணிந்தோம். அளப்பதற்கு அவருடைய 200 மில்லி தம்ளரையே எடுக்கப் போனோம். "அது வேண்டாம், வேறு வாங்கு" என்று தடுத்தார். அத்தடையின் அருமையைப் பின்னர் உணர்ந்தோம்.

அளவுக் கோடிட்ட பிளாஸ்டிக் குவளையொன்று வாங்கினோம். பானெட்டினுள் இருக்கும் சேமநீர்க் கலத்தில் 'நிறைவு' என்னும் கோட்டின்மேல் வெள்ளைத்தாள் துண்டொன்றை ஒட்டினோம். பயணத்தன்று காலை, இயந்திரம் நன்கு ஆறியிருக்கையில், அக்கோடு வரை நிரப்புவது. மறுநாட் காலை, மீண்டும் ஆறியபின், கோட்டை எட்ட எத்தனை மில்லி வேண்டுமென்று குறிப்பது. இயந்திரம் சூடேறும்போது நீர் விரிந்து கலத்திற்கு வருவதும், ஆறுகையில் திரும்ப உறிஞ்சப்படுவதும் இயல்பாதலின், சூட்டில் எடுத்த அளவு பொய் சொல்லும். நான்கு பயணங்களின் கணக்கு இவ்வாறு அமைந்தது: 230, 260, 240, 250. வண்டி ஓடாத நாட்களில் ஒரு மில்லியும் குறையவில்லை. இக்கணக்கு இரண்டு செய்திகளைச் சொல்லிற்று. ஒரு பயணத்திற்கு ஏறத்தாழ கால் லிட்டரே இழப்பு. ஆதலின் காலைதோறும் நிரப்பி, ஐந்து லிட்டர்க் கேனொன்றை உடன் வைத்துக்கொண்டால், அஞ்சாது சென்று வரலாம். மற்றொன்று, சூடும் அழுத்தமும் உள்ளபோதே அந்நீர் வெளியேறுகிறது. அதனை விற்கும் எண்ணம் அன்றே எம்மை விட்டகன்றது.

இனித் தேடல். முதலில் எம்மை ஏமாற்றியது ஏர்கண்டிஷனர். அதனை இயக்கி நிறுத்திய வண்டியின்கீழ், முன்னிருக்கைக்கு நேராக, குளம்போல் நீர் தேங்கிற்று. கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்தோம்! விரலால் தொட்டு முகர்ந்தோம். நிறமில்லை, மணமில்லை, பிசுபிசுப்பில்லை. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து சொட்டும் வெறும் நீர் அது. கூலண்ட் எனப்படும் குளிரூட்டு நீருக்கோ எம் வண்டியில் பச்சை நிறம், இனிப்பு மணமுண்டு, விரலில் வழுக்கும். பின்னர், பழைய செய்தித்தாள்களை ஒட்டி வண்டியின் முன்பாதி முழுதும் கீழே விரித்து ஓரிரவு வைத்தோம். விடியலில் தாளில் ஒரு பல்லியைத் தவிர வேறெதுவும் இல்லை.

பட்டறைக்காரர் கூற்றையும் சோதிக்க வேண்டுமன்றோ? நீர் எண்ணெயோடு கலந்தால் எண்ணெய் மூடியின் உட்புறம் மோர் போல் வெளுக்கும் என்பர். எம் மூடி தேன் நிறமாகவே இருந்தது. நீர் எரியறைக்குள் புகுமாயின், இயந்திரம் சூடான பின்னும் வெண்புகை இனிப்பு மணத்தோடு வந்துகொண்டிருக்கும். அதுவும் இல்லை. உள்ளே, கால்வைக்கும் இடத்துக் கம்பளத்தைத் தூக்கி அழுத்திப் பார்த்தோம், வண்டிக்குள் வெப்பந்தரும் சிறு ரேடியேட்டர் கசிகிறதோவென்று. காய்ந்தே கிடந்தது.

அடுத்து யாம் செய்தது ஒரு பிழை. மேற்புறத்து ரப்பர்க் குழாய், கிளிப்பின் அருகில் சற்றே புடைத்து, அழுத்தினால் தளதளவென்றிருந்தது. "இவனே கள்வன்" என்று முடிவுகட்டி, புதுக் குழாயும் புதுக் கிளிப்புகளும் வாங்கி, ஒரு சனிக்கிழமை முழுதும் முழங்கைவரை பச்சை நீர் வழிய மாற்றினோம். அடுத்த பயணத்தின் கணக்கு 240. மூப்படைந்த குழாயை மாற்றியது வீணன்று. ஆயின் குற்றவாளி அவனல்லன். எளிதிற் கண்ணில் பட்டவனைக் கள்வன் என்பதில் பட்டறைக்காரர்க்கும் எமக்கும் வேற்றுமை இல்லாமற் போயிற்று.

அப்போதுதான் எம்மிடம் பகுதி ஒன்றில் தமிழ் பயின்ற பழைய மாணவர் ஒருவரின் நினைவு வந்தது. யாப்பிலக்கணத்தில் இருமுறை தவறியவர்; இன்று மோட்டார்ப் பணியில் வல்லவர். செய்தி சொன்ன அடுத்த ஞாயிறு விடியற்காலையில், கைப்பம்பும் அழுத்தமானியும் கொண்ட பெட்டியோடு வீட்டிற்கே வந்துவிட்டார். "இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே அதற்குச் சூடேறிய பொய்யைச் சொல்ல வேண்டும், சார்" என்றார். அவர் செய்தது அதுவே. ரேடியேட்டரின் மூடியைக் கழற்றி, அவ்விடத்தில் பம்பை இணைத்து, மூடியில் பொறித்த 0.9 அளவுக்குக் காற்றை ஏற்றி நிறுத்தினார். அதற்குமேல் ஏற்றினால் நல்ல பகுதியும் கெடுமாம். யாம் மூவரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். கால் மணி நேரத்தில் அது 0.7-க்கு இறங்கியது. ஆயினும் எங்கும் சொட்டு இல்லை!

மாணவர் சிறிது எண்ணினார். ரேடியேட்டரின் பின்புறத்தை மூடியிருக்கும் மின்விசிறியையும் அதன் பிளாஸ்டிக் கூட்டையும் நான்கு போல்ட்டுகளைக் கழற்றி மெல்லத் தூக்கினார். கூட்டின் அடிவிளிம்பில் கரண்டியளவு பச்சை நீர் தேங்கியிருந்தது. கைவிளக்கையும், எம் மகள் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியையும் கொண்டு நோக்கினோம். இக்காலத்து ரேடியேட்டரின் நடுவுடல் அலுமினியம். இரு கரைத் தொட்டிகள் பிளாஸ்டிக். இரண்டையும் ரப்பர்ப் பட்டையிட்டு அலுமினியப் பற்களால் மடித்துக் கவ்வியிருப்பர். இடக்கரையின் அடிமூலையில், அம்மடிப்பின்மீது, உப்புப் பூத்தாற்போல் வெண்பச்சைப் பொருக்கு. மீண்டும் பம்பை அழுத்தவே, பொருக்கின் நடுவே கடுகளவு பச்சைத்துளி ஒன்று தோன்றிப் பருத்து நின்றது.

ஐந்து வாரப் புதிர் அத்துளியில் அவிழ்ந்தது. ஓட்டத்தில் கசியும் நீரைச் சூடான அலுமினியம் உலர்த்திற்று. உலராததை விசிறி இயந்திரத்தின்மேல் வீசி ஆவியாக்கிற்று. அதற்கும் தப்பியதைக் கூட்டின் விளிம்பு ஏந்திக்கொண்டது. செய்தித்தாளுக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஆயினும் மாணவர் அத்துடன் விடவில்லை. "ஒரு கசிவு இருந்தால் இன்னொன்று இருக்கக்கூடாதா, சார்?" என்று கேட்டு, விசிறியை மீண்டும் பூட்டி, இயந்திரத்தை ஓடவிட்டு, நீலத்திரவம் நிறைந்த கண்ணாடிக் குழலை ரேடியேட்டர் வாயில் பொருத்தினார். எரியறையின் கரியமிலவாயு நீரிற் கலந்திருந்தால் அந்நீலம் மஞ்சளாகும். ஐந்து நிமிடம் நீலம் நீலமாகவே இருந்தது. 38,000 ரூபாய்ப் பணி வேண்டியதில்லை. யாப்பில் அவர்க்கு யாம் இட்ட மதிப்பெண்களை எண்ணி நாணினோம்.

புது ரேடியேட்டரை யாமே மாற்றினோம். மாணவர் தொலைபேசியில் வழிகாட்டினார். மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினோம். அடித்திருகைத் திறந்து பழைய நீரை அகன்ற தொட்டியில் இறக்கினோம். இரு குழாய்கள், விசிறியின் இணைப்பு, மேலிருக்கும் இரு பிடிகள், அவ்வளவே. பழையது ஒரு தட்டியைப்போல் மேலே வந்துவிட்டது. அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வியந்துகொண்டிருந்த வேளையில், திண்ணையிலிருந்த அன்னையார் உரக்கக் கூவினார். தெருநாய் ஒன்று தொட்டியில் வாய்வைக்கக் குனிந்திருந்தது. கல்லெறிந்து விரட்டினோம், அது நாவை வைக்கவில்லை என்றே நம்புகிறோம். அதன் பின்னரும் பல நாள் அது தெருவில் ஓடித் திரிவதைக் கண்டு மனந்தேறினோம்.

இச்செய்தியை நம் கல்லூரி வேதியியல் துறை நண்பரிடம் கூறியபோது, அவர் முகம் மாறியது. கூலண்டின் முதற்பொருள் எத்திலீன் கிளைக்கால், அது இனிக்கும். அவ்வினிப்பை நம்பி நாயும் பூனையும், சில வேளை குழந்தைகளும், பருகிவிடுவதுண்டு. உடலினுள் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, சுண்ணச்சத்தோடு கூடி, ஊசிபோன்ற படிகங்களாய்ச் சிறுநீரகத்தில் படிந்து அதனை அழிக்குமாம். அந்நஞ்சுண்டாரைக் காக்கும் முறைகளுள் இரத்தச் சுத்திகரிப்பும் ஒன்றாம். அன்னையார் தம் தம்ளரைத் தர மறுத்தபோது இவற்றுள் ஒன்றையும் அறிந்தவரல்லர். எம் கொட்டகையில் அக்குவளையில் இப்போது சிவப்பு வர்ணத்தால் குறுக்குக்கோடு இட்டிருக்கிறோம். மிஞ்சிய கூலண்ட் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. பழைய நீரைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் அடைத்து மாணவரிடம் ஒப்படைத்தோம்.

நம் நாட்டில் நீர் உறைவதில்லையே, வெறும் கிணற்று நீர் போதாதோ என்று சிலர் கேட்பர். எம் ஊர்க் கிணற்று நீரில் பருப்பே வேகாது. அவ்வுப்பு நுண்குழாய்களில் படிந்தால் ரேடியேட்டர் அடைபடும். கூலண்டையும் மின்கலத்திற்கு வார்க்கும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்தால், திறந்த பாத்திரத்திலும் 107 பாகை வரை கொதியாது. உட்புறம் துருவும் ஏறாது. அக்கலவையை ஊற்றினோம். 3.3 லிட்டர் கொண்டபின் வாய்வரை நிறைந்துவிட்டது. வெளியேற்றியது ஏறத்தாழ 4 லிட்டர், மீதி எங்கே? உள்ளே காற்று சிறைப்பட்டிருந்தது. உள்வெப்பக் குமிழைச் சூட்டின் பக்கம் முழுதும் திருப்பி, மூடியின்றியே இயந்திரத்தை மெல்ல ஓடவிட்டு, மேற்குழாயைப் பிசைந்தோம். குமிழிகள் ஒவ்வொன்றாய் 'குபுக்' என்று வெளிவர, மட்டம் இறங்க, மேலும் 600 மில்லி உள்ளே சென்றது. அதனைச் செய்யாது ஓட்டியிருந்தால், புது ரேடியேட்டரோடேயே மீண்டும் மூன்றடைப்பில் நின்றிருப்போம்.

செவ்வாய்க்கிழமை பயணம் சென்று வந்தோம். வெயில் சிறிதும் குறைந்திருக்கவில்லை. திரும்புகையில் தேநீர்க்கடையில் நிறுத்தி, கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். புதன் விடியலில் அன்னையார் எமக்கு முன்னரே எழுந்து கொட்டகை வாயிலில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தார். பானெட்டைத் திறந்தோம். நீர் வெள்ளைத்தாளின் கோட்டிலேயே நின்றது.

"குறைந்திருக்கிறதா?" என்றார்.

"இல்லை, அம்மா."

அவர் தம் தம்ளரை எடுத்து, அன்றைய முதல் பங்கை மெல்லப் பருகலானார்.